காதுக்குள் ஓயாத இரைச்சல் – சங்கீத மேதை பீத்தோவனின் வாழ்க்கை

கன்னியாகுமரிக் கடற்கரையில் சங்குக் கடைகள் உண்டு. யாராவது குழந்தையோடு போனால், கடைக்காரர் ஒரு பெரிய சங்கை எடுத்துக் குழந்தையின் காதில் வைப்பார். குழந்தையின் கண்கள் அகல விரியும். சங்குக்குள் கடல் இரைகிறது!

அது கடலின் இரைச்சல் அல்ல. அக்கம் பக்கத்துச் சத்தங்கள் சங்கின் வளைவுக்குள் புகுந்து எதிரொலிக்கின்றன. சங்கைக் காதிலிருந்து எடுத்ததும் இரைச்சல் நின்றுவிடும். குழந்தை சிரிக்கும். இன்னொரு தடவை வை என்று கேட்கும்.

சங்கை எடுத்த பிறகும் இரைச்சல் நிற்கவில்லை என்றால்? சங்கே இல்லாமல், சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அது காதுக்குள் இரைந்துகொண்டே இருந்தால்?

பலருக்கு அப்படி இருக்கிறது. காது இரைகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒருவருக்கு வண்டு ரீங்காரமிடுவது போலிருக்கும். ஒருவருக்கு யாரோ விசில் ஊதுவது போலிருக்கும். இன்னொருவருக்கு, மழைக்கால இரவில் சில்வண்டு கத்துவது போலிருக்கும். டாக்டர்கள் இதற்கு டின்னிட்டஸ் என்று பெயர் சொல்லுகிறார்கள். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ஒன்றும் கேட்பதில்லை. கேட்காததால் அவர் நம்புவதும் இல்லை. இந்த நோயில் பாதித் துன்பம் அதுதான்.

உலகப் புகழ் பெற்ற சங்கீத மேதை ஒருவருக்கு இந்த நோய் வந்தது. காதை நம்பிப் பிழைத்தவருக்குக் காதிலேயே வந்தது. அவர்தான் பீத்தோவன்.

நள்ளிரவுப் பாடம்

ஜெர்மனி நாட்டில் ரைன் நதிக்கரையில் பான் என்று ஓர் ஊர். 1770-ம் ஆண்டு டிசம்பர் மாதம் லுட்விக் வான் பீத்தோவன் அங்கே பிறந்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் நம் தியாகராஜ சுவாமிகள் திருவாரூரில் பிறந்திருந்தார். இருவரும் ஒரே காலத்தவர்கள்.

பீத்தோவனின் பாட்டனார் அரண்மனைச் சங்கீதக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். தகப்பனார் ஜோஹன் அதே அரண்மனையில் பாடகர். ஆனால், குடிகாரர். மகனுக்குச் சங்கீதம் நன்றாக வருகிறது என்று தெரிந்ததும், அவனை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்று கனவு கண்டார். குடித்துவிட்டு நள்ளிரவில் வீட்டுக்கு வருவார். தூங்குகிற பையனை எழுப்பிப் பியானோவின் முன்னால் உட்கார வைப்பார். பையன் அழுதுகொண்டே வாசிப்பான்.

1778-ம் ஆண்டு கொலோன் நகரில் பையனின் முதல் கச்சேரி நடந்தது. அப்போது அவனுக்கு வயது 7. தகப்பனார் 6 என்று விளம்பரம் செய்தார். வயது குறைந்தால் அதிசயம் கூடுமல்லவா?

1787-ம் ஆண்டு தாயார் காச நோயால் இறந்தார். தகப்பனாரின் குடி முற்றியது. வீட்டில் இரண்டு தம்பிகள். 18 வயதுப் பீத்தோவன் அரண்மனைக்கு ஒரு மனுப் போட்டார். தகப்பனாரின் சம்பளத்தில் பாதியைத் தம்பிகளைக் காப்பாற்றத் தம் கையில் கொடுக்கும்படி கேட்டார். மனு ஏற்கப்பட்டது. பிள்ளை, குடும்பத் தலைவர் ஆனார்.

1792-ம் ஆண்டு நவம்பரில் அவர் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்குப் போனார். ஹைடன் என்ற பெரிய வித்துவானிடம் பாடம் கேட்டார். சில ஆண்டுகளிலேயே ஊரெங்கும் அவர் பேச்சு. நம் வித்துவான்கள் கச்சேரியில் மனோதர்மமாக ராகத்தை விரிப்பதில்லையா? அதைப் போல, எழுதி வைக்காததை அந்த நேரத்தில் கற்பனை செய்து பியானோவில் வாசிப்பதில் அவருக்கு இணை இல்லை. பிரபுக்கள் தங்கள் மாளிகைகளுக்கு அவரை அழைத்தார்கள். கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

யாருக்கும் தெரியக் கூடாது!

1798-ம் ஆண்டு வாக்கில் காதில் கோளாறு தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 27.

முதலில் இரைச்சல். இரவும் பகலும் காதுக்குள் ஏதோ ரீங்காரமிட்டது. பிறகு மெல்லிய சத்தங்கள் மறையத் தொடங்கின. நாடகக் கொட்டகையில் மேடைக்கு மிக அருகில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் நடிகரின் பேச்சு விளங்கியது. சற்றுத் தள்ளி உட்கார்ந்தால், வாத்தியங்களின் உச்ச ஸ்தாயி காதில் விழவில்லை. மெதுவாகப் பேசினால் ஓசை கேட்டது, வார்த்தை புரியவில்லை. யாராவது உரக்கக் கத்தினாலோ, அதைத் தாங்க முடியவில்லை!

மெதுவாகச் சொன்னால் கேட்காது, உரக்கச் சொன்னால் எரிச்சல். காது மந்தமான பெரியவர்கள் உள்ள வீட்டில் இது தெரிந்த கதைதான். பிடிவாதம் என்று நாம் நினைக்கிறோம். அது பிடிவாதம் அல்ல, நோயின் குணம்.

ஏன் இப்படி ஆகிறது? நம் காதின் உட்புறத்திலும் ஒரு சின்னச் சங்கு இருக்கிறது. நத்தைக் கூடு போலச் சுருண்ட எலும்பு அது. அதற்குள் நீர் நிறைந்திருக்கிறது. அந்த நீருக்குள், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்களை உடைய சுமார் 15,000 அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கன்னிப்பூப் பயிர் காற்றில் அசைவதை நாஞ்சில் நாட்டு வயல்களில் பார்த்திருப்பீர்கள். சத்தம் வரும்போது இந்த மயிர்களும் அப்படித்தான் அசைகின்றன. அந்த அசைவு நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மூளைதான் அதை ஓசையாக அறிகிறது.

வெடிச் சத்தம், ஓயாத இயந்திரச் சத்தம், முதுமை, சில நோய்கள், சில மருந்துகள் இவற்றால் அந்த அணுக்கள் அழிந்துபோகும். வயலில் அடுத்த பூவுக்கு மறுபடியும் நாற்று நடலாம். மனிதன் காதில் அழிந்த அணு மறுபடியும் முளைப்பதில்லை. காதிலிருந்து செய்தி குறைந்ததும் மூளை சும்மா இருப்பதில்லை. தூரத்து நிலையம் சரியாக எட்டாவிட்டால் ரேடியோவின் திருகைத் திருப்பி ஒலியைக் கூட்டுகிறோமே, அதைப் போல மூளையும் கூட்டிப் பார்க்கிறது. அப்போது பாட்டு வருவதில்லை. இரைச்சல்தான் பெருகுகிறது. காதிரைச்சல் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது என்று மருத்துவர்கள் இன்று கருதுகிறார்கள். அது மனப்பிரமை அல்ல, பைத்தியத்தின் அறிகுறியும் அல்ல.

பீத்தோவன் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அவர் பயந்து போனார். வேறு தொழில் செய்பவராக இருந்தால் வெளியே சொல்லலாம். பியானோ வித்துவானுக்குக் காது கேட்கவில்லை என்றால் யார் கச்சேரிக்கு அழைப்பார்கள்? எதிரிகள் என்ன பேசுவார்கள்? அவர் மறைத்தார். விருந்துகளுக்குப் போவதை நிறுத்தினார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மனிதர்களைக் கண்டு ஒதுங்கினார். கர்வம் பிடித்தவர் என்று ஊர் பேசியது.

1801-ம் ஆண்டு கோடையில்தான் வாய் திறந்தார். பானில் இருந்த பால்ய நண்பரும் டாக்டருமான வேகலருக்கு ஜூன் 29-ந் தேதி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எல்லாவற்றையும் கொட்டினார். யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, அமெண்டா என்ற மற்றொரு நண்பருக்கும் எழுதினார்.

காதில் எண்ணெய்

அவருடைய கடிதங்களிலிருந்து அவர் செய்துகொண்ட வைத்தியங்கள் தெரிகின்றன. ஒரு டாக்டர் காதில் வாதுமை எண்ணெய் விடச் சொன்னார். பலன் இல்லை. வேறொருவர் குளிர்ந்த நீரில் குளிக்கச் சொன்னார். இன்னும் மோசமாயிற்று. வேரிங் என்ற டாக்டர் டான்யூப் நதி நீரை வெதுவெதுப்பாக்கிக் குளிக்க வைத்தார். அவருக்கு வெகு நாளாக இருந்த வயிற்று வலி குறைந்தது. காது மட்டும் முன்போலவே இரைந்தது! பிறகு ஒரு மரப் பட்டையைக் கைகளில் வைத்துக் கட்டினார்கள். அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும். கட்டு இருக்கும் வரை கையை அசைக்க முடியாது. பியானோவும் வாசிக்க முடியாது. மின்சார வைத்தியம் பலன் தருமா என்றுகூட அவர் நண்பரிடம் விசாரித்தார்.

இரு நூறு ஆண்டுக்கு முந்தைய வியன்னாவைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டியதில்லை. காது இரைகிறது என்றால் தேங்காய் எண்ணெயில் வெள்ளைப் பூண்டைப் போட்டுக் காய்ச்சிக் காதில் ஊற்றுகிற வழக்கம் நம்மிடமும் உண்டு. இரைச்சல் பிறப்பது உட்காதிலும் மூளையிலும். எண்ணெய் அங்கே போய்ச் சேராது. காதுச் சவ்வில் ஓட்டை இருந்தால் கெடுதலே செய்யும். ஊக்கு, கோழி இறகு, தீக்குச்சி இவற்றால் குடைவது அதைவிடக் கெடுதல்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் காது, மூக்கு, தொண்டை டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் காட்டினால், குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிடுவார்கள். இரைச்சல் அதோடு போனாலும் போகும். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், கேட்கும் சக்தியை அளப்பார்கள். ஒரு காதில் மட்டும் இரைந்தாலும், நாடித் துடிப்போடு சேர்ந்து இரைந்தாலும், தலை சுற்றினாலும் கட்டாயம் காட்ட வேண்டும். காது திடீரென்று அடைத்துக் கேட்காமற் போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்றுவரை கிடையாது. ஆனால், அதோடு பழகி நிம்மதியாக வாழ வழி உண்டு. காது மந்தமாக இருந்தால் காது கேட்கும் கருவி வைத்துக்கொண்டாலே பலருக்கு இரைச்சல் அடங்குகிறது. படுக்கும்போது மின்விசிறியோ, மெதுவாகப் பாடும் ரேடியோவோ இருந்தால் இரைச்சல் பின்னுக்குப் போகும். முட்டம் கடற்கரையில் நிற்பவருக்குத் தம் காதின் இரைச்சல் தெரியாது. நிசப்தமான அறையில்தான் அது பேயாக வளரும். இரைச்சலைக் கண்டு பயப்படாமல் இருக்க மனத்தைப் பழக்கும் பயிற்சிகளும் இருக்கின்றன. அவற்றால் நல்ல பலன் கிடைக்கிறது.

இடையன் ஊதிய குழல்

1802-ம் ஆண்டில் ஷ்மிட் என்ற டாக்டர் வேறு யோசனை சொன்னார். பட்டணத்துச் சத்தம் ஆகாது, காதுக்கு ஓய்வு வேண்டும், கிராமத்துக்குப் போங்கள் என்றார். பீத்தோவன் வியன்னாவுக்கு வெளியே இருந்த ஹைலிகன்ஸ்டாட் என்ற கிராமத்துக்குப் போனார். திராட்சைத் தோட்டங்களும் ஓடையும் உள்ள அழகான ஊர். அங்கே ஏறக்குறைய ஆறு மாதம் தங்கினார்.

டாக்டர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார். ஆனால், காதிரைச்சல் உள்ளவரைத் தன்னந்தனியாக அமைதியான இடத்தில் விட்டால் என்ன ஆகும்? இரைச்சல் ஒன்றுதான் துணை.

ஒரு நாள் ரீஸ் என்ற சீடர் பார்க்க வந்தார். இருவரும் உலாவப் போனார்கள். காட்டோரத்தில் ஓர் இடையன் மரக் குழல் ஊதிக்கொண்டிருந்தான். இனிமையாக இருக்கிறதே என்று ரீஸ் அதைச் சுட்டிக் காட்டினார். பீத்தோவன் காது கொடுத்துக் கேட்டார். அரை மணி நேரம் கேட்டார். ஒன்றும் விழவில்லை. சீடர் பதறிப்போய், தமக்கும் இப்போது கேட்கவில்லை என்று சமாளித்துப் பார்த்தார். குருநாதர் மௌனமாகிவிட்டார்.

அந்த ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி பீத்தோவன் தம் இரு தம்பிகளுக்கு ஓர் உயில் எழுதினார். அவருக்கு வயது 31. உயிலில் சொத்துப் பற்றி அதிகம் இல்லை. தம்மை முரடன் என்றும் மனிதர்களை வெறுப்பவன் என்றும் உலகம் நினைப்பதற்குக் காரணம் காது நோய்தான் என்று எழுதினார். உரக்கப் பேசுங்கள், எனக்குக் காது கேட்காது என்று பிறரிடம் சொல்ல வெட்கமாக இருந்ததை எழுதினார். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்ததையும், தமக்குள் இருக்கும் சங்கீதம் முழுவதையும் கொடுத்து முடிக்காமல் போக மனம் வராததால் பிழைத்ததையும் எழுதினார்.

உயிலைத் தம்பிகளுக்கு அனுப்பவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு வியன்னாவுக்குத் திரும்பினார். 25 ஆண்டுகள் அது ஒருவர் கண்ணிலும் படாமல் அவரோடு வீடு வீடாக மாறிக்கொண்டிருந்தது.

ரகசியம் உடைந்தது

ஊருக்குத் திரும்பியவர் வெறி பிடித்தவர் போல வேலை செய்தார். அவருடைய மூன்றாவது சிம்பனி 1804-ம் ஆண்டு முடிந்தது. சிம்பனி என்பது ஐம்பது, அறுபது வாத்தியங்கள் சேர்ந்து இசைக்கும் பெரிய சங்கீதம். அதுவரை ஐரோப்பா அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

1806-ம் ஆண்டு, சங்கீதக் குறிப்புகள் எழுதும் தாளின் ஓரத்தில் தமக்குத் தாமே ஒரு வரி எழுதிக்கொண்டார். காது கேட்காததை இனி ரகசியமாக வைக்க வேண்டாம் என்பது அதன் பொருள். எட்டு ஆண்டுகள் சுமந்த பாரம் ஒரு வரியில் இறங்கியது. எந்த வைத்தியமும் செய்யாததை இந்த ஒரு வரி செய்தது என்று சொன்னால் மிகையாகாது.

1808-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி, கடுங்குளிரில் சுமார் நான்கு மணி நேரக் கச்சேரி. ஐந்தாவது, ஆறாவது சிம்பனிகள் இரண்டும் அன்றுதான் அரங்கேறின. ஆறாவதில் கிராமத்து ஓடை சலசலக்கிறது, குயில் கூவுகிறது, இடையர்கள் பாடுகிறார்கள்.

அடுத்த ஆண்டு 1809. அந்த ஆண்டு பிப்ரவரியில் இங்கே ஆரல்வாய்மொழிக் கோட்டை ஆங்கிலேயர் படையிடம் விழுந்தது. வேலுத்தம்பி தளவாயின் போராட்டம் நொறுங்கியது. அங்கே மே மாதத்தில் நெப்போலியனின் பீரங்கிகள் வியன்னாவைத் தாக்கின. பீத்தோவன் தம்பி வீட்டு நிலவறைக்கு ஓடினார். எஞ்சியிருந்த கேட்கும் சக்தியும் போய்விடுமே என்று தலையணைகளால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு கிடந்தார். உயிருக்குப் பயப்பட வேண்டிய நேரத்தில் காதுக்குப் பயந்தார்! பயந்தது சரிதான். கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களும், கல் குவாரியில் வெடி வைப்பவர்களும், படகில் எஞ்சின் அருகில் உட்காருபவர்களும் அப்படிக் காதைப் பொத்திக்கொண்டால் நல்லது.

மெல்சல் என்ற தொழிலாளி அவருக்கு உலோகத்தில் காது ஊதுகுழல்கள் செய்து கொடுத்தார். அகன்ற வாயைப் பேசுபவர் பக்கம் நீட்டி, குறுகிய முனையைக் காதில் வைத்துக் கேட்பது. அவை ஓரளவுதான் உதவின. 1814-ம் ஆண்டு ஓர் ஒத்திகையில் பியானோ வாசித்தபோது, பலத்த இடங்களில் தந்திகள் அலறும்படி அடித்தார். மெல்லிய இடங்களில் ஓசையே எழவில்லை. அவருக்கு அது தெரியவில்லை. அதோடு மேடையில் பியானோ வாசிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

1818-ம் ஆண்டு முதல் அவரிடம் பேச வந்தவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினார்கள். அவர் பெரும்பாலும் வாயால் பதில் சொன்னார். அதனால் அந்த நோட்டுகளில் கேள்விதான் இருக்கிறது, பதில் இல்லை! நூற்றுக்கும் மேற்பட்ட நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. சமையற்காரி சண்டை, வீட்டு வாடகை, கடைச் சாமான் கணக்கு எல்லாம் அவற்றில் உண்டு.

1823-ம் ஆண்டு நோட்டில் ஒரு சம்பவம் இருக்கிறது. காது கேட்பது குறைந்துகொண்டே வந்த அறிமுகமில்லாத ஒருவர் அவரிடம் யோசனை கேட்டார். அன்று பீத்தோவனும் தம் பதிலை எழுதியே காட்டினார். குளியலும் கிராமத்துக் காற்றும் நல்லது, ஊதுகுழலைச் சீக்கிரமாகப் பயன்படுத்த வேண்டாம், அதைத் தவிர்த்ததால் தம் இடது காது ஓரளவு பிழைத்தது என்று சொன்னார். கருவி பற்றி அவர் சொன்னதை இன்றைய டாக்டர்கள் ஒப்ப மாட்டார்கள். காது மந்தம் என்று தெரிந்ததும் கருவி வைப்பதுதான் நல்லது என்பார்கள். அது கிடக்கட்டும். உயிர் நண்பரிடம்கூட ரகசியம் காக்கச் சொல்லிக் கெஞ்சியவர், முன்பின் தெரியாத ஒருவரோடு உட்கார்ந்து தம் காதைப் பற்றிப் பேசினார்!

கேளாத கைதட்டல்

1824-ம் ஆண்டு மே 7-ந் தேதி வியன்னாவில் அவருடைய ஒன்பதாவது சிம்பனி அரங்கேறியது. காது ஏறக்குறைய முழுவதும் அடைத்த நிலையில், மனத்துக்குள்ளேயே கேட்டு எழுதிய சங்கீதம் அது. பீத்தோவன் மேடையில் நின்று தாளம் காட்டினார். பக்கத்தில் உம்லவுப் என்பவர் நின்று உண்மையில் நடத்தினார். பீத்தோவனைப் பார்க்காமல் தம்மையே பார்க்கும்படி வாத்தியக்காரர்களிடம் அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

கைதட்டல் கொட்டகையை அதிர வைத்தது. பீத்தோவன் சபைக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கரோலின் உங்கர் என்ற இளம் பாடகி அருகில் போய், அவரை மெதுவாகச் சபையின் பக்கம் திருப்பி நிறுத்தினார். ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். கைதட்டிப் பயனில்லை என்று கைக்குட்டைகளையும் தொப்பிகளையும் உயரே வீசி ஆட்டினார்கள். அவர் குனிந்து வணங்கினார்.

1827-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி மாலை, இடியும் மின்னலுமாக இருந்த வேளையில், பீத்தோவன் இறந்தார். வயது 56. ஈரல் நோய் அவரைக் கொண்டு போயிற்று. அதே 1827-ம் ஆண்டில்தான் இங்கே சியாமா சாஸ்திரிகளும் காலமானார். மூன்று நாள் கழித்து நடந்த பீத்தோவனின் இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். பெட்டியில் கிடந்த உயிலை அப்போதுதான் கண்டெடுத்தார்கள். தம்பிகளில் ஒருவர் அதற்கு வெகு காலம் முன்பே இறந்துபோயிருந்தார்.

வாக்னர் என்ற டாக்டர் உடலைப் பரிசோதனை செய்தார். காது நரம்புகள் சுருங்கி இருப்பதைக் கண்டார். மேலும் ஆராய்வதற்காகக் காது எலும்புகளைத் தனியே எடுத்து வைத்தார்கள். அவை பின்னர் காணாமற் போயின. பீத்தோவனின் தலைமயிர்க் கற்றைகள் மட்டும் நண்பர்கள் வீடுகளில் தங்கின. 2023-ம் ஆண்டு விஞ்ஞானிகள் அந்த மயிரை ஆராய்ந்தார்கள். ஈரல் நோய்க்குக் காரணங்கள் கிடைத்தன. 2024-ம் ஆண்டு அதே மயிரில் ஈயம் மிக அதிகமாக இருப்பதையும் கண்டார்கள். காது இரைந்ததற்கும் அடைத்ததற்கும் உறுதியான காரணம் இன்னும் கிடைக்கவில்லை.